கலைச்சொல் வேண்டும்: எஃபரன்ஸ் காப்பி

நண்பர்களுக்கு வணக்கம்.

இயன்முறை மருத்துவ மாணவர்களுக்குச் சிறுமூளை பற்றி ஒரு பாடம் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரு சொல்லில் நின்றுவிட்டேன்.

நிறைகுடம் என்று நினைத்து வெறுங்குடத்தைத் தூக்கினால் கை விருட்டென்று மேலே போகிறதல்லவா? தசைக்குக் கட்டளை அனுப்பும்போதே மூளை அதற்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறது. அதைக் கொண்டு இன்னது நடக்கும் என்று சிறுமூளை எதிர்பார்க்கிறது. நடந்ததோடு ஒப்பிட்டு அசைவைத் திருத்துகிறது. சிறுமூளை பழுதானவரை மூக்கைத் தொடச் சொன்னால், நெருங்க நெருங்க விரல் நடுங்கும், குறி தப்பும்.

அந்தப் பிரதிக்கு 1950-இல் வான் ஹோல்ஸ்டும் மிட்டல்ஸ்டெட்டும் வைத்த பெயர்தான் தலைப்பில் இருப்பது. 'ஏவல் நகல்' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

> ஏவல் நகல்

ஏவல் அருமை ஐயா. 'செய்' என்பது ஏவல் வினை. மூளை தசையிடம் சொல்வதும் அதுவே. 'ஏவவும் செய்கலான்' என்ற குறளில் வருவதும் இதே ஏவல். 'ஏ' என்றால் அம்பு. ஏவு, எய், எயினர் எல்லாம் ஒரே வேர் என்பது என் கருத்து. விட்ட அம்பு திரும்பாது, அதனால்தான் மூளை படி எடுத்து வைக்கிறது! ஆனால் நகல் அரபுச் சொல். 'படி' இருக்க அது எதற்கு? ஏவற்படி என்போம்.

> ஏவற்படி என்போம்

"ஏவற்படி கை அசைந்தது" என்று எழுதிப் பாருங்கள் ஐயா. ஏவியபடி அசைந்தது என்றுதான் பிள்ளைகள் படிப்பார்கள். அப்புறம், எங்கள் பக்கம் ஏவல் என்றால் பில்லி சூனியம். என் மாமியாருக்குக் கை நடுங்கியபோது முதலில் மந்திரிக்கத்தான் கூட்டிப்போனார்கள். ஆறு மாதம் வீணானது. நோயாளி வீட்டில் அந்தச் சொல் வேண்டாம். கட்டளை நகல் போதும்.

> கட்டளை நகல் போதும்

எனக்கும் அதுவே படுகிறது அம்மா. இமையோரம் விரலால் மெல்ல அழுத்தினால் பார்ப்பதெல்லாம் அசையும். கண்ணை நாமே திருப்பினால் அசையாது. அழுத்தும்போது கண் தசைக்குக் கட்டளை போகவில்லை, அதனால் நகலும் இல்லை. வகுப்பில் இப்படிச் சொன்னேன், உடனே புரிந்தது. இன்னும் இருவர் தனிமடலில் இதையே சொன்னார்கள். பாடத்தில் போட்டுவிட்டேன்.

> பாடத்தில் போட்டுவிட்டேன்

கட்டளைக்குத் தடையில்லை. நகலை நான் ஏற்கவில்லை. அடிக்குறிப்பிலாவது 'கட்டளைப் படி' என்று, இடைவெளி விட்டு, சேருங்கள் ஐயா.