துணியைப் புறக்கணித்தால் தைக்கும் பெண்ணுக்கு என்ன கிடைக்கும்?

செங்கதிர்: டாக்கா அருகே சவாரில் பெரிய பிராண்டுகளுக்குத் துணி தைத்த ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதற்குப் பிறகும் அதே பிராண்டுகளை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். வங்கதேசத்தில் தைத்த துணி வேண்டாம் என்று எல்லோரும் நிறுத்தினால்தான் கம்பெனிகளுக்கு உறைக்கும்.

மாறன்: ஆர்டர் நின்றால் முதலில் அடுப்பு அணைவது யார் வீட்டில்? கம்பெனி அடுத்த நாட்டுக்குப் போய்விடும். அந்தப் பெண்களில் பலருக்கு வாழ்க்கையில் முதல் சம்பளமே இந்த ஆலையில்தான். தொழில் வளரட்டும், கூலி தானாக உயரும்.

நூல்கண்டு: முதல் பாதியை ஏற்கிறேன் மாறன், புறக்கணிப்பில் எனக்கும் நம்பிக்கையில்லை. ஆனால் அந்தத் "தானாக" தொண்டையில் இறங்கவில்லை. 2013 ஏப்ரல் 23 அன்று அந்த ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல் விட்டது. கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியர்களை வெளியே அனுப்பிவிட்டது. மேலே தைத்தவர்களுக்கோ, மறுநாள் வராவிட்டால் மாதச் சம்பளம் கிடையாது என்ற மிரட்டல். மாதக் கடைசி வேறு. ஏறிப்போனார்கள். காலை ஒன்பது மணிக்கெல்லாம் கட்டடம் தரைமட்டம். வங்கி ஊழியரும் தையல்காரரும் பார்த்தது ஒரே விரிசலைத்தான். மறுக்கும் உரிமை ஒருவருக்கு இருந்தது, மற்றவருக்கு இல்லை. அது எந்த வளர்ச்சியிலும் தானாக முளைக்காது.

மாறன்: அதற்குத்தானே தணிக்கையும் தரச்சான்றும் இருக்கின்றன?

நூல்கண்டு: 2012 செப்டம்பரில் கராச்சியில் எரிந்த ஆயத்த ஆடை ஆலைக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் சர்வதேசச் சான்றிதழ் கிடைத்திருந்தது. 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீ எப்படிப் பிடித்தது என்பது தனி வழக்கு. சன்னலில் கம்பி, வாசலில் பூட்டு என்றிருந்த இடத்துக்குச் சான்று கொடுத்தார்களே, அதைத்தான் கேட்கிறேன்.

வங்கதேசத்தில் நிலைமையை மாற்றியது 2013 மே மாதம் ஆலைப் பாதுகாப்புக்காக வந்த 'அக்கார்டு'. தொழிற்சங்கங்களும் பிராண்டுகளும் கையெழுத்திட்ட, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. ஆய்வறிக்கைகள் பொதுவில் வந்தன. ஆபத்தான கட்டடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமையும் எழுத்தில் வந்தது. சீரமைப்பில் இழுத்தடித்த ஒரு பிராண்டைச் சங்கங்கள் நடுவர் மன்றத்துக்கு இழுத்தன. 2018-இல் அது 23 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

செங்கதிர்: சரி, உயிர் தப்பியது. கூலி? 2023-இல் சங்கங்கள் கேட்டது மாதம் 23,000 டாகா (வங்கதேச நாணயம்), அரசு நிர்ணயித்தது 12,500. போராட்டத்தில் தொழிலாளர்கள் உயிரையும் விட்டார்கள்.

நூல்கண்டு: அந்த இடத்தில் அக்கார்டு கைவைக்கவில்லை, உண்மை. ஒரு சட்டைக்கு ஆலைக்கு எவ்வளவு கொடுப்பது என்பதைப் பிராண்டுதான் தீர்மானிக்கிறது. கூலி அந்த விலைக்குள் அடைபட்டிருக்கிறது. அடுத்த ஒப்பந்தத்தில் கொள்முதல் விலையும் ஏற வேண்டும். செங்கதிர், கடையில் வாங்காமல் திரும்புவதை விட, அதைக் கேட்கும் சங்கத்துக்குத் தோள் கொடுங்கள்.