ஊருக்கு வந்த விருந்தாளி எங்கே நின்று பார்த்தார்?

மாடிவீட்டு அக்கா, முத்தியால்பேட்டை:

புதுச்சேரியில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறையை வெளியூர்க்காரர்கள் தங்குவதற்கு விட்டு ஏழு வருஷமாகிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூரிலோ சென்னையிலோ பஸ் ஏறி, சனிக்கிழமை பொழுது விடிவதற்குள் வந்து கதவைத் தட்டுகிறவர்கள்தான் முக்கால்வாசி. தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் கேட்கிற முதல் கேள்வி, "அக்கா, அந்த மஞ்சச் சுவர் எந்தத் தெரு?" எந்தச் சுவர் என்று கேட்டால் போனை நீட்டிக் காட்டுவார்கள். காகிதப்பூக் கொடி தொங்குகிற மஞ்சள் சுவர், பக்கத்தில் சாய்த்து வைத்த சைக்கிள். அது யாருடைய வீடு, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று இதுவரை ஒருத்தர் கேட்டதில்லை. நான் கேலி பண்ணவில்லை, அந்தச் சுவர்தான் எனக்குக் கேஸ் சிலிண்டர் வாங்கித் தருகிறது. ஆனால் ஞாயிறு மத்தியானம் சாவியைக் கொடுக்கும்போது "என்ன பார்த்தீங்க?" என்றால், அவர்கள் காட்டுகிற எல்லாப் படத்திலும் அவர்களேதான் இருப்பார்கள்.

போன மே மாசம் திருச்சியிலிருந்து ஒரு குடும்பம். அப்பா, அம்மா, பத்து வயசுப் பையன், கூட ஒரு தாத்தா. கத்திரி வெயில், கடற்கரையில் கால் வைக்க முடியவில்லை. நானும் காய்கறி வாங்க அந்தப் பக்கம் போனதால், "பாரதி பூங்காவுக்கு எதிரில் மியூசியம் இருக்கு, கொஞ்சம் நிழலில் நின்னுட்டு வரலாம்" என்று கூட்டிப்போனேன். உண்மையைச் சொன்னால் நானே அதற்குள் நுழைந்து பதினைந்து வருஷம் இருக்கும்.

அங்கே புஸ்புஸ் வண்டி ஒன்று இருக்கிறது, தெரியுமில்லையா? பிரெஞ்சுக்காரர் காலத்தில் துரைமார் உட்கார்ந்து போவார்கள், பின்னாலிருந்து ஒரு ஆள் தள்ளுவார். பையன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற கம்பியைக் காட்டி இது எதற்கு என்றான். உட்கார்ந்திருக்கிறவர்தான் அதைப் பிடித்து வண்டியைத் திருப்புவார் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப தள்ளுறவருக்கு எங்க போறோம்னே தெரியாதா?" என்றான். அவன் அம்மா சட்டென்று திரும்பிப் பார்த்தார். நானும்தான். அந்த வண்டியைச் சின்ன வயதில் எத்தனை தடவை பார்த்திருப்பேன், எனக்கு அது தோன்றியதே இல்லை.

அப்பாக்காரர் அரிக்கமேட்டுப் பொருள்கள் (பக்கத்து ஊர்ப் பழைய துறைமுகத்தில் தோண்டி எடுத்தவை) வைத்திருக்கிற பக்கம் போய்விட்டார். ரோமானிய ஜாடித் துண்டுகள். ஒயினும் எண்ணெயும் ஊற்றிக் கப்பலில் கொண்டுவந்த ஆம்போரா ஜாடி என்று படித்துவிட்டு, "ஓஹோ, ரெண்டாயிரம் வருஷமா இந்த ஊருக்கு இதே பொழப்புதானா!" என்று சத்தமாகச் சிரித்தார். தாத்தா விடவில்லை. "அவன் கொண்டாந்து இங்க இறக்கியிருக்கான்டா, நீ இங்கேருந்து பையில வச்சுத் தூக்கிட்டுப் போற, ரெண்டும் ஒண்ணா?"

வெயிலுக்கு ஒதுங்கிய இடத்தில் ஒண்ணேமுக்கால் மணி நேரம் போனது. பிரெஞ்சு கவர்னர் டூப்ளே படுத்ததாகச் சொல்கிற கட்டிலை அளந்து பார்த்து, "ஆள் குள்ளம்போல" என்று தாத்தா தீர்ப்புச் சொன்ன பிறகுதான் வெளியே வந்தோம். அன்று ராத்திரி கிளம்ப வேண்டியவர்கள் இன்னொரு நாள் இருந்துவிட்டுப் போனார்கள். அரிக்கமேடு, அப்புறம் 1908இல் புதுச்சேரிக்கு வந்து பத்து வருஷம் இங்கேயே கழித்த பாரதி குடியிருந்த ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெரு வீடு. எனக்கு ஒரு நாள் வாடகை கூட வந்தது, ஆட்டோவுக்குச் சவாரி, மெஸ்ஸுக்கு நாலு சாப்பாடு. சுவர் ஆளைக் கூட்டிவருகிறது, சரி. தங்க வைப்பது வேறு என்னவோ என்று அன்றைக்குத்தான் உறைத்தது. உங்களிடம் வந்தவர்கள் எங்கே நின்றார்கள், சொல்லுங்களேன்.

காக்காயந்தோப்பு:

அக்கா, நீங்கள் அனுப்பிவைத்த அரிக்கமேடு எங்கள் ஊர்ப் பக்கம். மழை விட்ட மறுநாள் ஆற்றங்கரையில் மண் கரைந்து பழங்காலத்துப் பாசிமணி மேலே வரும். கடுகு சைஸ், மிளகு சைஸ். செங்கல் நிறம், பச்சை, கருநீலம். நாங்கள் பிள்ளைகளாக வரிசை கட்டி உட்கார்ந்து பொறுக்குவோம், ஈர மணலை உள்ளங்கையில் வைத்து ஊதினால் மணி மட்டும் தங்கும். எங்கள் ஆயா மீன்வலை நூலில் கோத்து ஒரு சரம் வைத்திருந்தார். ஒரு நாள் கேமரா மாட்டிய ஒருவர் கைநிறைய மணிக்குப் பத்து ரூபாய் கொடுத்தார், அதில் நாங்கள் மூன்று பேர் பரோட்டா சாப்பிட்டோம். ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து மியூசியம் கூட்டிப்போனார்கள். கண்ணாடிக்குள் அதே மணி, கீழே எங்கள் ஊர்ப் பேர். வயிற்றில் பரோட்டா புரண்டது.

வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற ஒரு தப்பு உண்டு. மரங்களுக்கு நடுவே நிற்கிற உயரமான செங்கல் சுவரின் முன்னால் நின்று "ரோமானியர் கட்டிடம்" என்று படம் எடுத்துப் போடுவார்கள். அது 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மிஷனரிகள் நடத்திய குருமடத்தின், அதாவது பாதிரியார் ஆகப் படிக்கிற பள்ளியின் மிச்சம். ரோமானியச் சரக்கு வந்த துறைமுகம் இருந்தது காலுக்குக் கீழே. தோண்டிப் பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். 1945இல் மார்ட்டிமர் வீலர் என்ற ஆங்கிலேயத் தொல்லியல் அறிஞர் தோண்டினார், அவருக்குப் பிறகு கசால், அப்புறம் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய கதை. 1930களில் துப்ராய் என்ற பிரெஞ்சுக்காரப் பேராசிரியருக்கு இந்த இடத்தின் அருமை தெரியக் காரணமே எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கிக் கொடுத்த சாமான்கள்தான். அகஸ்டஸ் சீசர் தலை என்று அவர் சொன்ன செதுக்கு மணிக்கல் ஒன்றும் அதில் உண்டாம். வீலர் கதையும் அப்படித்தான். 1944இல் சென்னை அருங்காட்சியகத்தில் ஒரு அலமாரியைத் திறந்து துழாவும்போது ஆம்போரா ஜாடியின் உடைந்த துண்டு கையில் பட்டிருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று விசாரித்துக்கொண்டு புதுச்சேரிக்கே வந்துவிட்டார். மியூசியம் பார்த்துவிட்டு அரிக்கமேட்டுக்கு வந்த முதல் டூரிஸ்ட் அவர்தான் என்று நான் சொல்வேன்!

கீழடிக்குப் பக்கத்தில் 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தார்களே, மதுரை போன எங்கள் சொந்தக்காரர்கள் மீனாட்சி கோயிலுக்கு ஒரு நாள், கீழடிக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டு போனார்கள். இங்கே வெறும் மேட்டைக் காட்டி "கீழே இருக்கு, நம்புங்க" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகையால் நான் வருகிறவர்களிடம் முதலில் மியூசியம், பிறகு மேடு என்கிறேன். மணியைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர்கள் இங்கே குனிந்து நடக்கிறார்கள். பார்க்காமல் வந்தவர்கள் பத்து நிமிஷத்தில், போட்டிங் எங்கே என்று கேட்கிறார்கள். ஒன்று: மணி கண்ணில் பட்டால் எடுத்துப் பையில் போடாதீர்கள், விலைக்குக் கேட்காதீர்கள். பத்து ரூபாய்க்கு விற்ற பாவம் எனக்கே போதும்.

மூணு சக்கரம்:

நான் ஆட்டோ ஓட்டுறேன், சுருக்கமா சொல்றேன். மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பர் 30ஆம் தேதி செத்துப் போச்சு. இன்னைக்கும் வடநாட்டுக் குடும்பம் வண்டியில ஏறினா, யானை எங்க நிக்கும்னுதான் குழந்தைங்க கேக்குது. எந்தச் சிலைக்கும் கட்டிடத்துக்கும் அவ்வளவு கூட்டம் நின்னு நான் பார்த்ததில்ல. தும்பிக்கையால தலையில தட்டுறதுக்காகவே வருஷா வருஷம் வந்தவங்க உண்டு.

கடற்கரையில மேரி கட்டிடம், அதான் பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டிடம், 2014 நவம்பர் மழையில இடிஞ்சு விழுந்துச்சு. 2021ல திரும்ப அதே மாதிரி கட்டித் திறந்தாங்க. ஒரு பெரியவர் அதைப் பார்த்துட்டு, "இது பழைய கட்டிடமா புதுக் கட்டிடமா?" என்றார். ரெண்டும்தான் சார்னேன். அவர் சிரிக்கல. சுவத்தைத் தொட்டுப் பார்த்துட்டு ரொம்ப நேரம் கடலையே பார்த்துட்டு நின்னார். வெயிட்டிங் சார்ஜ் கேக்க மனசு வரல (கேட்டுட்டேன், பாதி).

திண்ணைக்காரன்:

எல்லோரும் சந்தோஷமாக எழுதுகிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பாக எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

தமிழர் பகுதியில் ஒரு தெருவில் நாங்கள் முப்பத்தோரு வருஷம் வாடகைக்கு இருந்தோம். கீழே திண்ணை, மரத்தூண், நடுவில் முற்றம். மேலே பிரெஞ்சு மாதிரி வளைவு ஜன்னல். டூப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கீழே தமிழ் மேலே பிரெஞ்சு என்று 18ஆம் நூற்றாண்டிலேயே ஆரம்பித்த சமாசாரம் அது. திண்ணைக்கு முன்னால் தெருவரைக்கும் தாழ்வாரம் இருக்கும், போகிற வருகிறவர்கள் மழைக்கு ஒதுங்கத்தான் அந்தக் கூரை. கால்வே சுப்பராய செட்டித் தெருவில், வைசியாள் தெரு என்றால்தான் எல்லோருக்கும் தெரியும், அந்த மாதிரி வீட்டு முகப்புகளை வரிசையாகச் சீர்படுத்தி 2008இல் யுனெஸ்கோ விருது வாங்கினார்கள். நல்ல வேலை, மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு பழைய வீட்டுக்கு ஒரு விலை வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் விற்றார். வாங்கியவர்கள் நன்றாகத்தான் புதுப்பித்தார்கள், சுண்ணாம்புப் பூச்சு, பழைய கதவு எதையும் இடிக்கவில்லை. போன மாசம் அந்தப் பக்கம் போனபோது உள்ளே போய் ஒரு காப்பி கேட்டேன், இருநூற்று இருபது ரூபாய். எங்கள் அப்பா சாயங்காலம் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலை போடுகிற திண்ணையில் காசு வாங்குகிற கம்ப்யூட்டர். தூணில் நான் அரிவாள்மனையால் கீறிய உயரக் கோடு அப்படியே இருக்கிறது, மூன்றாம் வகுப்புக் கோடு, ஐந்தாம் வகுப்புக் கோடு. அந்தப் பெண் என்னிடம் சொன்னார்: "சார், இது ஹெரிடேஜ் தூண், தொடாதீங்க."

மஞ்சக்குப்பம் வாத்தியார்:

திண்ணைக்காரரே, அந்தத் தூணையாவது விட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் கடலூரில் ஒரு கோட்டையே கிடக்கிறது, அதைத் தொடாதீர்கள் என்று சொல்லக்கூட ஆள் கிடையாது.

தேவனாம்பட்டினத்தில் சில்வர் பீச்சுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாங்காய் பத்தை, சோளம், பலூன் சுடுவது என்று திருவிழாக் கூட்டம். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் செயின்ட் டேவிட் கோட்டை. 1690இல் செஞ்சியிலிருந்த மராத்தியரிடம் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டை மட்டும் இல்லை, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் எல்லா ஊரும் கம்பெனிக்கு என்று பேச்சு. நாலா பக்கமும் சுட்டார்கள், விழுந்த இடத்தை எல்லையாக வைத்துக்கொண்டார்கள். குண்டு கிராமங்கள் என்று அவற்றுக்குப் பேர். இன்றைக்கும் குண்டு உப்பலவாடி என்று ஊர் இருக்கிறது, டவுனுக்குள் குண்டு சாலை இருக்கிறது. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது இந்தக் கடற்கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடமே இதுதான். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து பிடித்துத் தரைமட்டமாக்கிவிட்டுப் போனார். புதுச்சேரிக்காரர்கள் எங்களுக்குப் பாக்கி வைத்திருக்கிறீர்கள்!

வேலையிலிருந்த காலத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போவேன். கல்லையும் புதரையும் பார்த்ததும் முகம் தொங்கிவிடும். ஒரு வருஷம் பாடம் நடத்தாமல், ஆளுக்கொரு பக்கம் திரும்பி நில்லுங்கள், உங்கள் வீடு இருக்கிற திசையைக் காட்டுங்கள் என்றேன். குண்டு அதுவரை போகுமா போகாதா என்று சண்டை ஆரம்பித்தது. உப்பலவாடிப் பையன் ஒருவன், "சார், எங்க ஊரை விலை கொடுத்தே வாங்கலியா, சுட்டுதான் எடுத்தாங்களா?" என்று கேட்டுவிட்டு அப்படியே நின்றான். போன தீபாவளிக்கு அவன் தன் மனைவியோடு வந்திருந்தான். ஹைதராபாத் பெண். பீச்சுக்குப் போய்விட்டு வந்தோம் சார் என்றான். கோட்டைக்குப் போனாயா என்று கேட்டேன். "அங்கதான் சார் முதல்ல போனோம், அவளையும் திரும்பி நிக்க வச்சேன், அவளுக்குத் திசையே தெரியல."

வண்டிப்பாளையம் பக்கம் கரையேறவிட்டகுப்பத்தைப் பற்றியும் எழுதலாம், அப்பர் கல்லோடு மிதந்து வந்து கரையேறிய இடம். கண் வலிக்கிறது, இன்னொரு நாள்.

மாடிவீட்டு அக்கா, முத்தியால்பேட்டை:

வாத்தியார் ஐயா, அந்தக் குண்டுக் கதையை என் மாடிக்கு வருகிறவர்களிடம் சொல்லப்போகிறேன், கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டியதுதான். திண்ணைக்காரரே, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டு நிலைப்படியில் என் மகள் கீறியிருக்கிற கோடுகளைப் போய்ப் பார்த்தேன். வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை.

காக்காயந்தோப்புத் தம்பி, ஒரு உதவி. திங்கட்கிழமை தஞ்சாவூரிலிருந்து ரிட்டயர்டான தம்பதி வருகிறார்கள். திங்கள் மியூசியம் லீவு என்பதை மறந்து அவர்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். நேராக அரிக்கமேட்டுக்கே அனுப்பட்டுமா? எப்படி வரச் சொல்வது?

காக்காயந்தோப்பு:

அனுப்புங்க அக்கா. கடலூர் ரோட்டில் அரியாங்குப்பம் வந்து, வீராம்பட்டினம் போகிற ரோட்டில் இடது கை திரும்பச் சொல்லுங்கள். காக்காயந்தோப்பு என்று யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். பத்து மணிக்கு முன்னால் வந்தால் நிழல் இருக்கும், குடிக்கத் தண்ணீர் கையில் கொண்டுவரட்டும். ஆயாவின் மணிச் சரம் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, மியூசியம் இல்லாத குறைக்கு அதைக் கொண்டுவந்து காட்டுகிறேன். ஞாயிறு ராத்திரி மழை பெய்தால் மட்டும் போன் பண்ணுங்கள், அந்தச் சேற்றில் பெரியவர்களால் நடக்க முடியாது.