தேடலில் ஆபாச நூல்களை மட்டும் விலக்குவது எப்படி?

கேள்வி (கோபி):
எங்கள் புத்தகக் கடையின் இணையதளத்தில் ‘அக்கா’ என்று தேடினாலே சிறுவர் கதைகளுக்கு மேலே ஆபாச மின்னூல்கள் வந்து நிற்கின்றன. ‘காமம்’ என்ற சொல்லைத் தடுத்ததும் திருக்குறள் உரைகள் மறைந்துவிட்டன. வேறு வழி உண்டா?

பதில் (பொள்ளாச்சி):
சொல்லை வைத்து வடிகட்டாதீர்கள், ஐயா. நூல் எந்த வகையைச் சேர்ந்தது என்று காட்டப் பதிப்பாளர் தரும் பொருட்குறியீட்டில், ஆபாசப் புனைவுக்கான குறியாக பைசாக் (அமெரிக்க நூல் வகைப்பாடு) முறையில் எஃப்ஐசி005000 என்றும் தீமா (பன்னாட்டு நூல் வகைப்பாடு) முறையில் எஃப்பி என்றும் குறிக்கப்பட்ட நூல்களைப் பொதுத்தேடலில் காட்டாமல் விடலாம். தாமே மின்னூல் வெளியிடுவோர் குறியீட்டை ஒழுங்காக இடுவதில்லை என்பதால், அவற்றின் அட்டையை நீங்களே பார்த்துத்தான் ஆக வேண்டும்.

பதில் (திருப்பூர்):
குறியீட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2009 ஏப்ரலில் அமேசானின் வகைப்பாட்டுப் பிழையில் 57,310 நூல்கள் சிக்கி, உடல்நல நூல்கள்கூட விற்பனைத் தரவரிசையை இழந்தன. மறைக்கப்பட்டவற்றின் பட்டியலை அவ்வப்போது புரட்டிப் பாருங்கள்.