கோழிக் கொட்டகைத் தகரம் ராத்திரி முழுக்க வேர்க்குது, என்ன செய்யலாம்?

கோத்தகிரிக்காரன்

வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்துல இருக்கோம், சுமார் 1,800 மீட்டர் உயரம். 40 நாட்டுக்கோழி வச்சிருக்கேன். கொட்டகை 12க்கு 10 அடி. அதை ஒட்டி 20 அடி நீளத்துக்கு வலை அடிச்ச முற்றம். போன வருஷம் வரைக்கும் மேல நாட்டு ஓடு, ஒரு சொட்டு விழுந்ததில்ல. ஓடு உடைஞ்சுக்கிட்டே இருந்ததால ஆடி மாசம் கொட்டகைக்கும் முற்றத்துக்கும் மேல கலர் ஷீட் (பெயின்ட் அடிச்ச தகரம்) போட்டேன்.

மார்கழி பொறந்ததுல இருந்து காலையில கூளம் நனைஞ்சு கிடக்கு. முந்தாநாள் விடியக்காலை 5 மணிக்கு டார்ச் அடிச்சுப் பார்த்தேன். தகட்டோட அடிப்பக்கம் பூரா முத்து முத்தா தண்ணி. அது குறுக்குப் பைப்புக்கு வந்து சேர்ந்து, ஸ்க்ரூ முனையில தொங்கி, நேரா கம்புல உக்காந்திருக்கற கோழி முதுகுல விழுது. ரெண்டு கோழிக்கு மூக்குல சளி, ஒண்ணு வாயைத் திறந்து மூச்சு விடுது. குளிருக்குப் பயந்து சாயங்காலம் 6 மணிக்கே நாலு பக்கமும் படுதாவை இறக்கி இறுக்கிக் கட்டிடறேன். அப்படியும் இப்படி. தயவுசெஞ்சு வழி சொல்லுங்க.

பட்டறை

ஸ்க்ரூவுக்கு அடியில இருக்கற ரப்பர் வாஷர் போயிருக்கும் தம்பி. ஏறிப் பாருங்க.

கோத்தகிரிக்காரன்

பார்த்துட்டேன் அண்ணா. வாஷர் எல்லாம் புதுசு. பத்து நாளா மழையும் இல்ல. தெளிஞ்ச வானம் இருக்கற ராத்திரிதான் அதிகமா சொட்டுது.

பூம்பாறை அக்கா

தம்பி, அது ஒழுகல் இல்ல. உங்க கோழிகளோட மூச்சுதான் மேல போய்த் தண்ணியா திரும்பி வருது. நான் இங்க கொடைக்கானல் மேல்மலையில 11 வருஷமா கோழி வளர்க்கறேன். இதே தப்பைப் பண்ணி முதல் பனிக்காலத்துல 9 கோழியைப் பறிகொடுத்தேன், அதனால கொஞ்சம் விரிவா எழுதறேன்.

ஒரு கோழி நாளைக்கு 150 முதல் 200 மில்லி தண்ணி குடிக்கும்னு வைங்க. 40 கோழிக்கு 6 லிட்டருக்குக் குறையாது. முட்டைக்குள்ள போறது கொஞ்சம்தான். மீதியெல்லாம் மூச்சாவும் எச்சமாவும் கொட்டகைக்குள்ளதான் வந்து சேருது. எச்சத்துல முக்கால் பங்கு தண்ணிதான். படுதாவை இறுக்கிக் கட்டினா அத்தனை ஈரமும் போக்கிடம் இல்லாம உள்ளயே நிக்கும். உள்ள 14 டிகிரி, காத்துல ஈரம் 90 சதவீதம்னா, தகடு 12 டிகிரிக்கு இறங்கினாலே வேர்த்துடும். நம்ம ஊர்ப் பனியில அது அதைவிடக் கீழ போகும். நாட்டு ஓட்டுல சந்துக்குச் சந்து காத்து போச்சு, ஓடே கொஞ்சம் ஈரத்தைக் குடிச்சுக்கும். அதான் அப்போ சொட்டல.

அதனால முதல் வேலை, மேல திறந்து விடுங்க. சுவர் முடிஞ்சு கூரை ஆரம்பிக்கற இடத்துல ரெண்டு நீளப் பக்கமும் அரை அடி இடைவெளி. அதுல அரை இஞ்சு கண்ணு உள்ள வெல்டு மெஷ் கம்பி வலை அடிங்க, இல்லேன்னா மரநாய் புகுந்துடும். முகட்டு மூடியையும் மூணு இஞ்ச் தூக்கி வைங்க. சூடான ஈரக்காத்து அது வழியா தானா ஏறிப் போயிடும். படுதா கீழ் முக்கால் பாகத்துக்கு மட்டும் இருக்கட்டும். கோழி உக்கார்ற கம்பு உயரத்துல காத்து அடிக்கக்கூடாது, அதோட தலைக்கு மேல காத்து ஓடணும். இது ரெண்டும் வேற வேற.

குளிர்னு பயப்படாதீங்க. காஞ்ச இறகோட இருக்கற வளர்ந்த கோழி நம்ம மலைக் குளிரைத் தாங்கும். இறகை உப்பி, காலை மடிச்சு உக்காந்துக்கும். நனைஞ்சா அந்த இறகு பஞ்சு மாதிரி ஒட்டிப்போயிடும். சளி அங்கதான் ஆரம்பிக்குது.

காலையில கதவைத் திறந்ததும் குனிஞ்சு, கோழி உயரத்துல உங்க மூக்கை வச்சுப் பாருங்க. கண்ணு எரிஞ்சா, ஈர எச்சத்துல இருந்து கிளம்பற அமோனியா வாயு ஏறிடுச்சுன்னு அர்த்தம். கூளத்தை ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடிங்க. கையைத் திறந்ததும் உதிர்ந்தா சரி, கொழுக்கட்டை மாதிரி நின்னா ஈரம் அதிகம். அந்த இடத்தை அள்ளிப் போட்டுட்டுப் புது உமி போடுங்க. அமோனியா நெடி இருக்கும்போது மேல சுண்ணாம்பு தூவாதீங்க, நெடி இன்னும் கிளம்பும். முதல்ல அள்ளணும்.

வாயைத் திறந்து மூச்சு விடற கோழியை இன்னைக்கே தனியா பிரிச்சு, கால்நடை மருத்துவர்கிட்ட காட்டிடுங்க.

கோத்தகிரிக்காரன்

ரொம்ப நன்றி அக்கா. ஒண்ணு மட்டும் புரியல. முற்றம் நாலு பக்கமும் வெறும் வலைதான். ராத்திரி அங்க கோழியே இல்ல. அங்கயும் ஏன் சொட்டுது?

கூரை வேலை, ஊட்டி

அதுக்கு நான் சொல்றேன் தம்பி. ராத்திரி வெட்டவெளியில நிறுத்தின பைக் சீட்டு காலையில நனைஞ்சிருக்கும், சில்வர் ஓக் மரத்தடியில நிறுத்தினது காஞ்சிருக்கும், பார்த்திருப்பீங்க. அதே கணக்குதான். தெளிஞ்ச வானத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கற தகடு தன் சூட்டை மேல விட்டுட்டு, சுத்தி இருக்கற காத்தைவிடச் சில்லுன்னு ஆயிடும். அப்புறம் வெறும் நீர்ப்பனிக் காத்து பட்டாலே அடிப்பக்கம் வேர்க்கும். இதுக்கு எவ்வளவு காத்தோட்டம் வச்சாலும் முழுசா நிக்காது.

தகடு நேரா வானத்தைப் பார்க்காம பண்ணணும். அரை அடி மேல பச்சை ஷேட் நெட்டை இழுத்துக் கட்டுங்க, ஓரளவு குறையும். காத்துக்குக் கிழியாம நல்லா முடிச்சுப் போடணும். கொட்டகைக்குள்ள வேணும்னா தகட்டுக்கு அடியில வெள்ளி நிறத்துல குமிழ் குமிழா இருக்கற பபிள் ஷீட் ஒட்டலாம், ஜாயின்ட்டுக்கு டேப் போட்டு, சந்தே இல்லாம. தெர்மாகோல் மட்டும் வேணாம். எட்டினா கோழி கொத்தித் தின்னும், எட்டலைன்னா எலி கூடு கட்டும்.

சரிவும் முக்கியம். எவ்வளவு இருக்கு? சரிவு அதிகமா இருந்தா தண்ணி தகட்டோடயே வழிஞ்சு ஓரத்துக்குப் போயிடும். படுத்த கூரையில இருந்த இடத்துலயே சொட்டும்.

கோத்தகிரிக்காரன்

12 நாள் கழிச்சு எழுதறேன். மேல ரெண்டு பக்கமும் திறந்து மெஷ் அடிச்சாச்சு, முகட்டையும் தூக்கியாச்சு. ஈரக் கூளம் நாலு மூட்டை அள்ளினேன். உமி மேட்டுப்பாளையத்துல இருந்து வந்தது. இன்னைக்கு காலை 5 மணிக்கு டார்ச் அடிச்சுப் பார்த்தேன் அக்கா, கம்புக்கு மேல தகடு லேசா மங்கலா இருக்கு, சொட்டு இல்ல. கோழி முதுகைத் தடவிப் பார்த்தேன், காஞ்சிருந்துது. நெடியும் இல்ல. மூச்சுத் திணறின கோழி மருந்துக்கு அப்புறம் தீனி எடுக்குது, இன்னும் தனியாதான் வச்சிருக்கேன்.

கொட்டகையில பபிள் ஷீட் இன்னும் ஒட்டல, தை முடியற வரைக்கும் இப்படியே பார்க்கறேன். முற்றத்துச் சரிவு அளந்தேன் அண்ணா, 10 அடிக்கு 8 இஞ்ச்தான். அங்க இன்னும் சொட்டுது. சனிக்கிழமை நெட் கட்டறேன். அதுக்கும் நிக்கலைன்னா ஒரு பக்கத்துக் காலை உசத்திச் சரிவைக் கூட்டலாமான்னு அப்புறம் கேக்கறேன்.