'வில் வெயிட்', 'வில் பி வெயிட்டிங்': எங்கே எது சரி?

கேட்டவர்: கூடலூர்ப் பையன்

வணக்கம். குமுளியில் ஒரு ஹோம்ஸ்டேயில் ரிசப்ஷன் பார்க்கிறேன். சொந்த ஊர் கூடலூர் (தேனி மாவட்டத்துக் கூடலூர், நீலகிரி இல்லை). வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்புவது என் பொறுப்பு. மதுரை ஏர்போர்ட்டுக்கு யார் வருவார்கள், ராத்திரிச் சாப்பாடு எப்போது, மறுநாள் தேக்கடிப் படகு எப்போது, இப்படி.

எங்கள் முதலாளி எல்லா வாக்கியத்திலும் 'வில் பி' போட்டு 'இங்' சேர்க்கச் சொல்கிறார், அதுதான் மரியாதையாம். கூட வேலை பார்க்கும் கட்டப்பனைக்காரரோ, குறிப்பிட்ட மணி சொன்னால்தான் அது வரும் என்கிறார். போன வாரம் தங்கியிருந்த இங்கிலாந்து அம்மா ஒருவர் என்னிடம் "வில் யூ பி கோயிங் டு தி மார்க்கெட் டுமாரோ?" என்று கேட்டார். அதில் மணியே இல்லையே. 'வில் யூ கோ' என்று கேட்டால் போதாதா?

வழக்கமாக நாங்கள் அனுப்புகிற மூன்று வாக்கியம் இவை. எது சரி, எது தப்பு?

"தி டிரைவர் வில் பி வெயிட்டிங் அவுட்சைட் தி ஏர்போர்ட் அட் டூ."
"யூ வில் பி ஹேவிங் எ ரூம் வித் எ பால்கனி."
"வென் யூ வில் பி ரீச்சிங் குமுளி, ப்ளீஸ் கால் அஸ்."

பதில்: போடிக்காரன்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். இதற்கு ஃபியூச்சர் கன்டினியூவஸ் என்று பேர். 'வில் பி', அப்புறம் வினையோடு 'இங்'. ஐ, ஹி, தே எதுவானாலும் வடிவம் மாறாது. 'திஸ் டைம் டுமாரோ' மாதிரி வார்த்தை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். அதனால் முதல் வாக்கியம் சரி. மற்ற இரண்டும் எனக்கு இடிக்கிறது, ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை.

பதில்: பெரியாறு டீச்சர்

வண்டிப்பெரியாறு பக்கம் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். தம்பி கேட்டது நல்ல கேள்வி.

முதல் வாக்கியத்தைத் தொடாதீர்கள். இரண்டு மணிக்கு அவர்கள் வெளியே வரும்போது டிரைவர் ஏற்கெனவே அங்கே நிற்பார் என்பதை அது சொல்கிறது. புது ஊரில் இறங்குகிறவருக்கு அதுதானே தைரியம்? 'வில் வெயிட் அட் டூ' என்றால் இரண்டு மணிக்கு மேல்தான் காத்திருக்கவே ஆரம்பிப்பார் போலத் தொனிக்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. 'வென் யூ அரைவ், வி வில் ஹேவ் டின்னர்' என்றால் நீங்கள் வாருங்கள், சேர்ந்து உட்காருவோம் என்று அர்த்தம். 'வென் யூ அரைவ், வி வில் பி ஹேவிங் டின்னர்' என்றால் அவர்கள் பெட்டியோடு வாசலில் நிற்கும்போது நீங்கள் பாதிப் பரோட்டாவில் இருப்பீர்கள். மலையேறிப் பசியோடு வருகிறவருக்கு எதை அனுப்புகிறோம் என்று பார்த்து அனுப்ப வேண்டும்.

இரண்டாவது வாக்கியம் தப்பு. 'ஹேவ்' என்பது சாப்பிடுவது, குளிப்பது என்று ஒரு செயலானால் 'ஹேவிங்' ஆகும். அறை இருப்பது செயல் இல்லை, நிலை. 'யூ வில் ஹேவ் எ ரூம் வித் எ பால்கனி' என்று எழுதுங்கள். 'நோ' (தெரிந்திருப்பது), 'நீட்', 'பிலாங்' போன்றவையும் இதே ஜாதி. 'யூ வில் பி நோயிங்' என்று நம் பக்கம் நிறையப் பேர் சொல்கிறார்கள், 'யூ வில் நோ' போதும்.

மூன்றாவதில் 'வென்' வந்துவிட்டது. வென், வைல், பிஃபோர், ஆஃப்டர், அன்டில் எல்லாம் இப்படி நேரத்தைச் சுட்டும்போது அந்தப் பகுதிக்குள் 'வில்' நுழையாது. 'வென் யூ ரீச் குமுளி, ப்ளீஸ் கால் அஸ்', அவ்வளவுதான்.

இப்போது அந்த இங்கிலாந்து அம்மாவின் கேள்வி. எனக்கு இதில் ரொம்ப நாள் ஆதங்கம் உண்டு. 'திஸ் டைம் டுமாரோ' ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்து விட்டுவிடுகிறோம். இந்தக் காலத்தின் பாதி அழகு அதற்கு வெளியே இருக்கிறது. 'வில் யூ கோ டு தி மார்க்கெட்?' என்றால் எனக்காகப் போகிறாயா என்று வேலை சொல்வது போல் ஆகிவிடும். 'வில் யூ பி கோயிங்' என்றால் எப்படியும் போகிற வேலை இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறார். போகிறேன் என்றால் ஏதாவது வாங்கிவரச் சொல்லியிருப்பார், இல்லை என்றால் பேசாமல் இருந்திருப்பார். உங்களுக்குச் சங்கடமே இல்லாமல் கேட்கிற முறை அது. ஆக, முதலாளி சொல்கிற மரியாதை பொய் இல்லை. ஆனால் அது அடுத்தவருடைய திட்டத்தைக் கேட்கிற இடத்தில்தான் பலிக்கும். 'வில் யூ பி ஹேவிங் டின்னர் வித் அஸ் டுநைட்?', 'வாட் டைம் வில் யூ பி லீவிங் டுமாரோ?' இரண்டையும் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

கட்டப்பனைக்காரர் சொல்கிற மணியும் கட்டாயம் இல்லை. சபரிமலை சீசனில் கம்பத்திலிருந்து வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள் இல்லையா? அப்போது விருந்தாளிக்கு 'வி வில் பி கோயிங் வயா கம்பம்மெட்டு' என்று சொன்னால், ஏற்பாடே அப்படித்தான் என்று புரிந்துகொள்வார். 'வி வில் கோ வயா கம்பம்மெட்டு' என்றால் நீங்கள் அந்த நிமிஷம் எடுத்த முடிவு மாதிரிக் கேட்கலாம். விமானத்தில் 'வி வில் பி லேண்டிங் ஷார்ட்லி' என்று அறிவிப்பதும் இந்த வகைதான்.

இல்லை என்று சொல்லும்போது இன்னும் கவனம் வேண்டும். 'தி டிரைவர் வோண்ட் கம்' என்று எழுதினால் வரமாட்டேன் என்று அவர் அடம்பிடிப்பதாகக்கூட எடுத்துக்கொள்வார்கள். 'தி டிரைவர் வோண்ட் பி கமிங் டுடே' என்றால் வெறும் தகவல்.

கேட்டவர்: கூடலூர்ப் பையன்

டீச்சர், ரொம்ப நன்றி. முதலாளியிடம் அப்படியே காட்டிவிட்டேன். ஒன்றே ஒன்று: எங்கள் போர்டில் 'டின்னர் வில் பி சர்விங் அட் எய்ட்' என்று எழுதியிருக்கிறோம். இது?

பதில்: பெரியாறு டீச்சர்

அழித்துவிடுங்கள் தம்பி. சாப்பாடு தானாகப் பரிமாறாது, நீங்கள்தான் பரிமாறுகிறீர்கள். 'டின்னர் வில் பி சர்வ்ட் அட் எய்ட்' என்று எழுத வேண்டும். நீங்கள் முன்னால் நின்றால் 'இங்' வரலாம்: 'வி வில் பி சர்விங் டின்னர் ஃப்ரம் எய்ட்'.

பதில்: மெட்டு ஜீப்

டீச்சர், காலையில் கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிறேன், மதியத்துக்கு மேல் டூரிஸ்ட் சவாரி. எங்கே இருக்கிறீர்கள் என்று கெஸ்ட் போன் செய்தால் 'ஐ வில் பி கமிங் இன் டென் மினிட்ஸ்' என்கிறேன். சரிதானா?

பதில்: பெரியாறு டீச்சர்

இலக்கணம் இடிக்காது அண்ணே. ஆனால் பத்து நிமிஷம் கழித்துத்தான் கிளம்புவீர்களோ என்று அவர்களுக்குச் சந்தேகம் வரும். 'ஐ வில் பி தேர் இன் டென் மினிட்ஸ்' என்று சொல்லுங்கள், பத்தாவது நிமிஷம் வாசலில் நிற்பீர்கள் என்று புரியும். வண்டியை எடுத்துவிட்டீர்கள் என்றால் 'ஐ ஆம் ஆன் மை வே'. உங்களுக்குப் பதில் வீட்டில் யாராவது போனை எடுத்தால், இப்போது ஓட்டிக்கொண்டிருப்பார் என்று ஊகமாகச் சொல்ல 'ஹி வில் பி டிரைவிங் நவ்' சரியாக இருக்கும். அது நாளைக்கு நடப்பது இல்லை, இந்த நேரத்தில் நடப்பதைப் பற்றிய ஊகம். அதையும் வீட்டில் சொல்லிக்கொடுத்து வையுங்கள்.