செந்தாங் மரங்களில் ஏறிய காட்டுக்கொடிகளை எப்படி அறுப்பது?

கேள்வி: சிறுதோட்டக்காரர், சுங்கை சிப்புட், மலேசியா

அனைவருக்கும் வணக்கம். பால்மரங்களை (ரப்பர் மரங்களை) அழித்துவிட்டு அப்பா நட்ட மூன்று ஏக்கர் செந்தாங், நம் வேம்பின் நெருங்கிய உறவான அந்த மரம், இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் கவனிக்க ஆளில்லாமல் போனதால் ஓரத்து மரங்களில் கொடிகள் உச்சிவரை ஏறிவிட்டன. ஒரு மரத்தில், கொடி சுற்றிய இடமெல்லாம் விரல் பதியும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருப்பதைப் பார்த்து மனம் பதறுகிறது. இழுத்துப் போடலாமா, மருந்து அடிக்கலாமா?

பதில்: முன்னாள் மண்டோர் (தோட்டக் கண்காணி)

தம்பி, தயவுசெய்து இழுக்காதீர்கள். கொடி மேலே பல மரங்களின் கிளைகளைச் சேர்த்துக் கட்டியிருக்கும். இழுத்தால் காய்ந்த கிளை தலையில் விழும். தரையை ஒட்டி ஒரு வெட்டும் நெஞ்சு உயரத்தில் இன்னொரு வெட்டும் போட்டு, நடுத்துண்டை அகற்றிவிடுங்கள்; மேலே தொங்குவது காய்ந்து தானாக உதிரும். மரப்பட்டையில் பாராங் கத்தி படக்கூடாது, அந்தக் காயத்தின் வழியாகத்தான் பூஞ்சை நுழையும்.

பதில்: வனப்பணியில் இருந்தவர்

அண்ணன் சொன்ன முறையே சரி. தீபகற்ப மலேசியக் காடுகளில் 1978 முதல் நடைமுறையில் உள்ள தேர்ந்தெடுத்து வெட்டும் முறையில், மரம் சாய்ப்பதற்கு வெகு முன்பே 2 சென்டிமீட்டருக்கு மேல் தடித்த கொடிகளை அறுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் சாயும் மரம் பக்கத்து இளமரங்களையும் முறித்துக்கொண்டு விழும். ஆகவே நீங்கள் மரங்களைக் கலைக்க, அதாவது நெருக்கம் குறைய இடையிடையே சில மரங்களை வெட்ட, எண்ணினால், கொடியை முதலில் அறுத்து, அதன் பிடி தளரும்வரை பல மாதங்கள் பொறுங்கள். மருந்தைத் தெளிக்க வேண்டாம். வெட்டிய உடனே அடிக்கட்டையில் மட்டும் கிளைபோசேட் களைக்கொல்லியைத் தூரிகையால் தடவினால் மறுதளிர் குறையும். பாராகுவாட் என்ற களைக்கொல்லி மலேசியாவில் 2020 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய போத்தல் இருந்தாலும் தொடாதீர்கள். பிரம்பும் ஏறுகொடிதான், ஆனால் விலை உள்ளது, அதை விட்டுவையுங்கள்.

சிறுதோட்டக்காரர்:

மிக்க நன்றி, ஐயா. இதய வடிவ இலையும் வெள்ளைப் பூவும் கொண்ட மெல்லிய கொடிக்கும் இதே முறைதானா?

முன்னாள் மண்டோர்:

அது மிக்கானியாவாக இருக்கும். அதன் ஒவ்வொரு கணுவும் ஈர மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விடும் என்பதால், வெட்டித் தரையில் போட்டால் ஒன்று பத்தாகிவிடும். விதை காற்றில் பறப்பதற்கு முன், பூக்கும் பருவத்துக்கு முன்னரே வேரோடு பிடுங்கி, கம்பியின் மேல் போட்டு வெயிலில் காயவிடுங்கள். மரங்களை ஒரேயடியாகக் கலைக்காதீர்கள். வெளிச்சம் விழுந்த இடத்தில்தான் அது மறுபடி தலைதூக்கும். பள்ளம் விழுந்த அந்த மரத்திலிருந்தே நாளை தொடங்குங்கள்.