நீட்டா, ஜேஇஇ-யா: முடிவெடுத்த விதமும் தயாரான விதமும்

திருநெல்வேலியிலிருந்து ஒரு தந்தை:

என் மகள் மேல்நிலை வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் அடங்கிய பிரிவை எடுத்திருந்தாள். மருத்துவம், பொறியியல் இரண்டுக்கும் வழி திறந்திருக்கட்டும் என்றுதான் இந்தப் பிரிவில் பிள்ளைகளைச் சேர்க்கிறோம். நாங்களும் அப்படித்தான் சேர்த்தோம். மருத்துவச் சேர்க்கைக்கான நீட், பொறியியல் சேர்க்கைக்கான ஜேஇஇ முதன்மைத் தேர்வு இரண்டையும் எழுதட்டும், எது கிடைக்கிறதோ அதில் சேரட்டும் என்று உறவினர்கள் சொன்னார்கள். ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்தபோது, இரண்டுக்கும் சேர்த்து ஒரே கட்டணம் என்று கூறி அன்றைக்கே முன்பணம் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். பதினொன்றாம் வகுப்பு முழுவதும் அவள் இரண்டுக்குமாகப் படித்தாள். உயிரியலை எடுத்தால் கணிதம் அப்படியே கிடக்கிறதே என்றும், கணக்குப் போட உட்கார்ந்தால் நேற்றுப் படித்த தாவரவியல் மறந்துபோகிறதே என்றும் தவித்தாள். வருட முடிவில் இரண்டிலும் அரைகுறையாக நின்றாள்.

பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பு, அடுத்தடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இரண்டு பழைய வினாத்தாள்களை முழுமையாக எழுத வைத்தேன். நீட் தேர்வு பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை நடைபெறுவதால், அதே நேரத்தில், கைப்பேசிகளை அணைத்துவிட்டு, மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் உட்கார வைத்தேன். நீட்டில் 180 வினாக்களுக்கு 180 நிமிடங்கள். விடைத்தாளில் வட்டம் நிரப்புவதும் அதற்குள்தான். அவள் 5 மணிக்கு எழுந்தபோது 131 வினாக்களுக்கே விடையளித்திருந்தாள். தொடாமல் விட்ட 49-இல் பெரும்பகுதி இயற்பியல். எழுதிய 131-இல் 12 மட்டுமே தவறு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுதியது ஜேஇஇ தாள். அதில் 75 வினாக்கள்தான். ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 நொடி கிடைக்கிறது. ஒரு வகைநுண்கணித வினாவில் அவள் ஐந்து நிமிடங்களுக்கு மேல் நின்றாள். இரண்டு முறை போட்டு அடித்தாள், மூன்றாவது முறை தாளைத் திருப்பி வைத்து முதலிலிருந்து எழுதினாள், விடை வந்ததும் அதைச் சுற்றி ஒரு சின்னக் கட்டம் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். அந்த முகத்தை நான் முந்தைய வாரம் பார்க்கவில்லை. 52 வினாக்களுக்கு விடையளித்து, அவற்றில் 43 சரியாக இருந்தன. அன்று இரவு, மருத்துவராக வேண்டும் என்று உனக்கு உண்மையிலேயே ஆசை உண்டா என்று முதன்முறையாகக் கேட்டேன். உயிரியல் படிக்கப் பிடிக்கும், ஆனால் மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை என்று சொன்னாள். ஒரு வருடம் கழித்துக் கேட்டிருக்கிறேனே என்ற வருத்தம் இன்றும் எனக்கு இருக்கிறது.

நீட்டை விட்டுவிட்டோம். ஜேஇஇ முதன்மைத் தேர்வு கணினியில் நடப்பதால், தேசியத் தேர்வு முகமையின் இணையதளத்தில் உள்ள மாதிரித் தேர்வுகளைத் திரையிலேயே எழுதிப் பழகினாள். ஜனவரி அமர்வில் எதிர்பார்த்த சதமானம் (தேர்வெழுதியவர்களில் எத்தனை விழுக்காட்டினர் நமக்குக் கீழே என்ற கணக்கு) வரவில்லை. ஏப்ரலில் கூடுதலாக வந்தது, இரண்டில் அதிகமானதையே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனாலும் திருச்சியில் உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகமான என்ஐடியில் அவள் விரும்பிய பிரிவு கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100 என்று 200-க்குக் கட்-ஆஃப் பார்க்கிறார்கள். ஜேஇஇ-க்காக ஆழமாகப் படித்த கணிதம் பொதுத்தேர்வில் கைகொடுத்ததால், அந்தக் கலந்தாய்வு வழியாக விரும்பிய பிரிவிலேயே சேர்ந்தாள்.

தருமபுரி மாவட்டத்திலிருந்து ஒரு மருத்துவ மாணவி:

ஐயா எழுதியதைப் படித்தபோது, எனக்கு யாரும் இப்படி ஒரு தாளை முன்கூட்டியே எழுத வைக்கவில்லையே என்று தோன்றியது. நான் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். நீட்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. எந்த மொழியில் எழுதுவது என்பதில்தான் தடுமாறினேன். விண்ணப்பத்தில் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆங்கில வினாத்தாள் மட்டும்தான் கையில் வரும். தமிழைத் தேர்ந்தெடுத்தால் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த வினாத்தாள் வரும். இது தெரியாமல், பயிற்சி மையத்தில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது என்பதற்காக முதல் முறை ஆங்கிலத்தைக் குறித்தேன். தேர்வறையில் இயற்பியல் வினா ஒவ்வொன்றையும் மனத்துக்குள் தமிழாக்கிக்கொண்டிருந்ததிலேயே நேரம் போய்விட்டது.

இரண்டாம் முறை தமிழைக் குறித்தேன். ஆனால், மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி. 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் பிழை இருந்ததாக வழக்கு நடந்து, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் கருணை மதிப்பெண்ணாக வழங்க உத்தரவிட்டதையும், உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததையும் எங்கள் ஆசிரியை சொல்லியிருந்தார். அதனால் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் இரண்டு பத்திகளாகக் கலைச்சொற்களை எழுதினேன். இடப்பக்கம் திருப்புவிசை, வலப்பக்கம் டார்க். இடப்பக்கம் நிலைமத் திருப்புத்திறன், வலப்பக்கம் மொமன்ட் ஆஃப் இனர்ஷியா. சவ்வூடு பரவலுக்கு எதிரே ஆஸ்மாசிஸ். தமிழில் வினாவைப் படித்து, சொல் இடறினால் ஆங்கிலத்தைப் பார்க்கும் பழக்கம் அந்த நோட்டால்தான் வந்தது. உயிரியலுக்கு மத்தியப் பாடத்திட்டத்தின் என்சிஇஆர்டி புத்தகத்தை வரி விடாமல் படித்தேன். 720-இல் 360 மதிப்பெண் உயிரியலுக்குத்தான் என்பதால் அதில் விட்டுக்கொடுக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் முறை எழுதியபோது ஒரு வேதியியல் வினாவைப் பிறகு பார்க்கலாம் என்று தாண்டினேன், ஆனால் வட்டம் நிரப்பும் ஓஎம்ஆர் விடைத்தாளில் அந்த வரிசையைத் தாண்டவில்லை. பதினான்கு வினாக்களுக்குப் பிறகுதான் ஒரு வரிசை பிசகியது தெரிந்தது. பேனாவால் நிரப்பிய வட்டத்தை அழிக்க முடியாது. கை நடுங்கியதில் அடுத்த பத்து நிமிடங்கள் எந்த வினாவும் தலையில் ஏறவில்லை. இரண்டாம் முறை தயாரானபோது ஒவ்வொரு மாதிரித் தேர்வையும் ஓஎம்ஆர் தாளில்தான் எழுதினேன். ஐந்து வினாக்களுக்கு ஒருமுறை வினா எண்ணையும் வரிசை எண்ணையும் விரல் வைத்துச் சரிபார்த்தேன்.

அரசு உதவி பெறும் பள்ளியின் இயற்பியல் ஆசிரியர்:

தந்தை சொன்ன முறை நல்லதுதான் என்றாலும், ஒரே ஒரு தாளை வைத்து முடிவெடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வேகம் பழக்கத்தால் வருவது; பன்னிரண்டாம் வகுப்புத் தொடக்கத்தில் 130 வினாக்களோடு நின்ற மாணவர்கள் தேர்வின்போது 170-ஐத் தாண்டியதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மகளுக்கு மருத்துவத்தில் நாட்டம் இல்லை என்பதே சரியான காரணம் ஐயா. நாட்டம் உள்ள பிள்ளையாக இருந்தால், இரண்டு மாத இடைவெளியில் குறைந்தது மூன்று தாள்களாவது எழுத வைத்துப் பார்க்க வேண்டும். பழைய தாள்களின் மதிப்பெண்களை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடவும் கூடாது. 2024-இல் முதலில் வெளியான முடிவில் 67 பேர் 720-க்கு 720 பெற்றிருந்தார்கள். 2025-இல் இயற்பியல் கடுமையாக இருந்ததால் நாட்டிலேயே அதிகபட்ச மதிப்பெண் 686-தான்.

தமிழ்வழி மாணவர்கள் ஜேஇஇ-யைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். ஐஐடி-க்கான அட்வான்ஸ்டு தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே உண்டு. அதேபோல், மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது; எங்களைப் போன்ற உதவி பெறும் பள்ளிகளின் பிள்ளைகளுக்கு அது கிடையாது. ஆண்டுதோறும் சில பெற்றோர் கலந்தாய்வு நேரத்தில்தான் இதை அறிந்து என் முன்னால் கண் கலங்கி நிற்கிறார்கள். அந்த ஒதுக்கீட்டை நம்பி இலக்கு மதிப்பெண்ணைக் குறைவாக வைத்துக்கொண்டு படித்த பிள்ளைக்கு அப்போது என்ன சொல்வது? அடிப்படை அறிவியலில் விருப்பமுள்ளவர்கள் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட்டையும் பாருங்கள். திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு அதுவே வாயில்.

திருநெல்வேலித் தந்தை மீண்டும்:

ஆசிரியர் ஐயா சொன்னது சரி. மூன்று தாள்கள் எழுத வைத்திருக்க வேண்டும். என் மகன் இப்போது பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறான். அவனுக்கு மருத்துவம்தான் விருப்பம் என்று அவனாகவே சொன்னான். அதையும் இந்த முறை முதலிலேயே கேட்டுவிட்டேன். தருமபுரி மாணவி எழுதிய ஓஎம்ஆர் செய்தியை அவனிடம் படித்துக் காட்டினேன். தெருமுனைக் கடையில் ஓஎம்ஆர் தாளை முப்பது நகல் எடுத்து, ஒரு கறுப்புப் பந்துமுனைப் பேனாவோடு அவன் மேசையில் வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை 2 மணிக்கு முதல் தாள்.